நின்றுபோன எழுதுகோல்: கதை வகுப்பு முதல் இயங்கலை எழுத்துச் சவால் வரை

ஒரு காலத்தில் எழுதிக்கொண்டிருந்து, பின்னர் நிறுத்திவிட்டவர்களைப் பற்றியது இவ்வுரை. அத்தகையோர் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவர்களாகவே இருப்பர். இடைநிலைப்பள்ளியில் படித்த நாளில் பள்ளி ஆண்டுமலரில் கவிதை எழுதியவர், ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் தம் பெயரைக் கண்டு அந்தத் தாளைக் கத்தரித்து வைத்தவர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாடகம் எழுதி மேடையேற்றியவர் எனப் பலர். இன்று அவர்களைக் கேட்டால் நேரமில்லை என்பார்கள். அது பாதி உண்மை. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கிடைக்கும் அரைமணி நேரம் எழுத்துக்குக் கிடைக்காமற் போவதில்லை. கிடைக்காமற் போவது துணிவு. எழுத உட்கார்ந்தால், நாம் எழுதுவது யாருக்கு வேண்டும் என்னும் ஐயம் முதலில் வந்து நாற்காலியில் அமர்ந்துகொள்கிறது.

இதனைத் தனிமனிதரின் மனக்குறை என்று விட்டுவிடலாம். மலேசியத் தமிழ்ச் சூழலில் அவ்வாறு விட முடியாது. 1816இல் இவ்வூர்ப் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் அதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே குலாம் காதிறு நாவலரின் வித்தியா விசாரிணி இங்கிருந்து வெளிவந்தது. இத்தனை நீண்ட வரலாற்றில், கதையும் கவிதையும் எழுதி அதன் வருவாயில் மட்டுமே குடும்பம் நடத்தியவர் என்று ஒரு வகுப்பு இங்கு உருவாகவேயில்லை. தோட்டத்துக் கிராணிகளும் அஞ்சலக ஊழியர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இரவில் விளக்கடியில் எழுதியவையே மலேசியத் தமிழ் இலக்கியம். பொழுதுபோக்கு எழுத்தாளர் என்னும் சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே ஆள்கிறோம். நமக்கு வாய்த்தவர்கள் அனைவரும் அவர்களே. அவர்கள் மனம் தளர்ந்து எழுதுகோலை வைத்துவிட்டால், அவர்களுக்குப் பின்னால் எழுதுவதற்கென வேறு படை ஒன்று காத்திருக்கவில்லை.

முன்னரும் இத்தகைய தளர்ச்சி நேர்ந்தது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அச்சும் தாளும் அரிதாயின. உயிர் பிழைத்திருத்தலே பெரும்பாடாக இருந்த ஆண்டுகளில் எழுத்து பின்னுக்குத் தள்ளப்பட்டது. போர் முடிந்தபின் நாளிதழ்கள் மீண்டும் வந்தன. எழுதுவோர் அத்தனை விரைவில் வரவில்லை. வந்தவர்களும், கதையென்றால் தமிழகத்திலிருந்து வருவதுதான் கதை, நம் ரப்பர்த் தோட்டத்தில் என்ன கதை இருக்கிறது என்னும் தயக்கத்தோடே வந்தார்கள். அந்தச் சூழலில் 1950ஆம் ஆண்டு தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்னும் ஒன்றைத் தொடங்கினர். 1951 வரை அது நடந்தது.

அதன் அமைப்பை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்குதல் நன்று. வகுப்பறை கிடையாது, கட்டணம் கிடையாது. ஞாயிறு பதிப்பே கரும்பலகை. சிறுகதை என்றால் என்ன, அதை எவ்வாறு தொடங்குவது என்பன போன்ற பாடங்கள் இதழில் அச்சாகும். வாசகர் தத்தம் ஊரிலிருந்து பயிற்சியை எழுதி அஞ்சலில் அனுப்புவர். அனுப்பியவை படிக்கப்பட்டு, மதிப்பிடப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டன. கெடாவிலோ ஜொகூரிலோ ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு, தாம் எழுதிய தாளைக் கோலாலம்பூரில் ஒருவர் முழுமையாகப் படித்தார் என்பது உறுதியாயிற்று. மலேசியச் சிறுகதையின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் இவ்வகுப்பிலிருந்தே ஒரு புதிய கட்டத்தைத் தொடங்குவர். அடுத்துவந்த ஆண்டுகளில் எழுதப் புகுந்த தலைமுறை, நம் மண்ணின் மாந்தரை நம் மண்ணிலேயே வைத்து எழுதலாம் என்னும் துணிவோடு புகுந்தது.

அஞ்சலில் நடந்த அந்த வகுப்புக்கும் இன்று கைப்பேசியில் நடக்கும் எழுத்துச் சவாலுக்கும் ஊடகம் ஒன்றே வேறு. இரண்டிலும் மூன்று உறுப்புகள் உள்ளன: முடிக்கக்கூடிய அளவிலான ஒரு சிறு வேலை; அதற்கு ஒரு நாள் கெடு; எழுதியதைப் படித்து மறுமொழி கூறும் ஓர் ஆள். இவற்றில் மூன்றாவது உறுப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லாமற் போகிறது என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.

அதற்கு முன் நம்பிக்கை என்பதைச் சிறிது விளக்கிக்கொள்வோம். உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒரு செயலைத் தம்மால் செய்ய இயலும் என்று ஒருவர் கொள்ளும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தார். அவர் காட்டிய ஊற்றுகள் நான்கு. தாமே செய்து முடித்த அனுபவம் முதலாவது. அதுவே மிக வலியது. தம்மை ஒத்த ஒருவர் செய்வதைக் காணுதல் இரண்டாவது. உன்னால் முடியும் என்று பிறர் கூறும் சொல் மூன்றாவது. செயலின்போது உடலும் உள்ளமும் படும் பதற்றம் அல்லது அமைதி நான்காவது. நம் பள்ளிகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் நாம் பெரும்பாலும் மூன்றாவதையே நம்பியிருக்கிறோம். மேடையேறி, இளைஞர்களே எழுதுங்கள் என்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். சொல்லால் ஊட்டப்படும் நம்பிக்கை முதல் தோல்வியிலேயே உதிர்ந்துவிடக்கூடியது. நூறு சொற்களில் ஒன்றை எழுதி முடித்தவருக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முடித்தது அவர் கண்முன் இருக்கிறது. பெரிய எழுத்தாளரின் நூல் நம்மை வியக்க வைக்கும். சில வேளை வாயடைக்கவும் வைக்கும். பக்கத்து ஊர் ஆசிரியை நேற்று எழுதிய, சற்றே கோணலான பத்தியோ, நாமும் எழுதலாமே என்று எண்ண வைக்கும்.

சவால் என்பது நமக்குப் புதிதன்று. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவைப் பாடி முடிக்கச் சொல்வது தமிழில் நெடுங்கால வழக்கம். காளமேகத்தைப் பற்றிய கதைகளில் பாதி அவ்வாறு கேட்டவரும் பாடியவருமாகவே உள்ளன. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் அந்தத் திறத்தை அவையோர் முன் நிறுவிக் காட்டினர். அந்த மரபில் ஓர் நுட்பம் உண்டு. ஈற்றடி கொடுக்கப்பட்டவுடன் புலவருக்கு எதை எழுதுவது என்னும் கவலை நீங்கிவிடுகிறது. எப்படி எழுதுவது என்பது மட்டுமே எஞ்சுகிறது. வெற்றுத்தாளின் அச்சத்தில் பெரும்பகுதி முதற்கவலையைச் சேர்ந்ததே. ஆயினும் அது வல்லவர்களின் களம். தோற்றவர் அவையில் தலைகுனிய வேண்டும். கதை வகுப்பு செய்த மாற்றம், அதே கட்டுப்பாட்டை வல்லாரிடமிருந்து எடுத்துக் கற்போரிடம் கொடுத்தது.

கதை வகுப்புக்குப் பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1950களில் தமிழ் நேசனில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் நடத்தி, எழுதுவோரை நேரில் அமர்த்தி அவர்கள் கதைகளைப் பேசவைத்தார். 1969க்குப் பின் குடியுரிமை, வேலை அனுமதி ஆகியவற்றின் கவலையில் சமூகமே தளர்ந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த அதே நாளிதழ் பவுன் பரிசுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தேர்ந்த சிறுகதைக்குத் தங்கப் பவுன்! பலர் மீண்டும் எழுத வந்தனர். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்து, தேர்ந்த கதைகளைப் 'பேரவைக் கதைகள்' எனத் தொகுத்தளித்தது. இவை அனைத்தும் நன்மை செய்தவை. எனினும் வகுப்புக்கும் போட்டிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. போட்டியில் வென்றவருக்குப் பரிசு கிடைக்கிறது. வெல்லாதவருக்குக் கிடைப்பது மௌனம். தம் கதை படிக்கப்பட்டதா, எந்த இடத்தில் தளர்ந்தது என்று அவர் அறிவதில்லை. இன்னும் வியப்பு, வென்றவருக்கும் சில வேளை மௌனமே கிடைக்கிறது.

இதற்கு ப. சிங்காரத்தைக் காட்டிலும் பொருத்தமான சான்று இல்லை. பினாங்கில் இருந்துகொண்டு அவரைக் கூறாமல் விடுவதும் முறையன்று. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, பதினெட்டாம் வயதில் வேலைக்காகச் சுமத்ராவின் மேடான் நகருக்குச் சென்றவர் அவர். போருக்குப் பின் தமிழகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் பணியாற்றினார். அந்த வேலைக்கிடையே, பினாங்கின் வட்டிக்கடைகளையும் போர்க்கால வாழ்வையும் களமாகக் கொண்ட 'கடலுக்கு அப்பால்' நாவலை 1950 அளவில் எழுதினார். வெளியிட ஆள் கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் அது பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. முகமறியாத ஒரு பொழுதுபோக்கு எழுத்தாளரை ஒரு போட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அவர் மீண்டும் எழுதினார். 1962 அளவில் எழுதி முடிக்கப்பட்ட 'புயலிலே ஒரு தோணி', நூலாக வெளிவந்தது 1972இல். மீண்டும் பத்தாண்டுக் காத்திருப்பு. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அந்த மதிப்பு வந்து சேர்ந்தபோது ஆசிரியர் முதுமையடைந்திருந்தார். 1997இல் மறைந்தார். மூன்றாவது நாவல் வரவேயில்லை. ஒருவர் எழுதாமல் விட்டதற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது எளிதன்று. ஆயினும் போட்டி ஒருவரை எழுப்பலாம், வாசகரே அவரை நிற்க வைக்கிறார் என்று நாம் இதிலிருந்து கொள்வது மிகையாகாது என்று கருதுகிறோம்.

இனி இயங்கலைக்கு வருவோம். எழுத்துச் சவால்களுள் உலகில் மிகவும் பெயர்பெற்றது 'நானோரைமோ' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசிய நாவல் எழுதும் மாதம். 1999இல் கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் விளையாட்டுப்போல் தொடங்கினர். விதி ஒன்றுதான்: முப்பது நாளில் 50,000 சொற்கள். நன்றாக எழுத வேண்டும் என்று விதியில் இல்லை. அதுவே அதன் வெற்றி. தரத்தைப் பற்றிய அச்சத்தால் கைகட்டி நின்றவர்களுக்கு, தரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாத விடுப்பு கிடைத்தது. பிற்காலத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பங்கேற்றனர். பெருகப் பெருக, நிறுவனத்துக்கும் பங்கேற்றோருக்கும் இடையே நம்பிக்கை குறைந்தது. பூசல்களும் பணமுடையும் சேர்ந்தன. 2025இல் அது மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இருபத்தொரு பேர் ஒருவரையொருவர் அறிந்திருந்தபோது இயல்பாக இருந்தது, இலட்சங்களில் இல்லை. நாம் கற்க வேண்டியது அளவு சிறியதாக இருக்கட்டும் என்பதே.

அந்த எண்ணிக்கையையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. 50,000 சொற்களை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667. ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கு அது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்லக் குறைந்தது ஐந்து சொற்கள் வேண்டும். வேற்றுமை உருபும் இடைநிலையும் விகுதியும் சொல்லோடு ஒட்டி நிற்கும் மொழியில், அதே பொருளைச் சொல்லக் குறைவான சொற்களே தேவைப்படுகின்றன. ஆங்கில எண்ணைத் தமிழில் வைத்துக்கொண்டு, எட்ட முடியவில்லை என்று வருந்துவோர் உண்மையில் எட்டவேண்டியதைக் காட்டிலும் மிகுதியாக எழுத முயல்கிறார்கள். வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தமிழில் நூறு சொற்கள் போதும். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் படகில் வருபவர், படகு கரையை விட்டு மறுகரை சேர்வதற்குள் கைப்பேசியில் எழுதிவிடக்கூடிய அளவு அது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் புலனக் குழுக்களிலும் முகநூலிலும் இத்தகைய முயற்சிகள் பல நம்மிடையே நடந்தன. நாளொரு தலைப்பு, நாளொரு கவிதை, ஒரு படத்துக்கு ஒரு கதை எனப் பலவகை. பல்லாண்டு எழுதாதவர்கள் எழுதினர். ஊரடங்கு தளர்ந்ததும் பெரும்பாலானவை ஓய்ந்தன. ஏன் ஓய்ந்தன? வேலை திரும்பியது ஒரு காரணம். மற்றொன்று, எழுதியதற்குக் கிடைத்த மறுமொழி. நாற்பது பேர் உள்ள குழுவில் ஒரு கதை இட்டால், கூப்பிய கைகள் பன்னிரண்டு, மலர்க்கொத்து ஆறு, 'அருமை' நான்கு வரும். முதல் வாரம் இனிக்கும். மூன்றாம் வாரத்தில், அருமை என்றவர் கதையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எழுதியவருக்குத் தெரிந்துவிடும். மௌனத்தைவிட இது கொடிது என்றே நாம் எண்ணுகிறோம். மௌனத்துக்காவது, ஒருவேளை படித்திருப்பார்கள் என்று ஆறுதல் கொள்ள இடமுண்டு. 1951இல் அஞ்சலில் வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரு வரி மதிப்பீட்டில் இருந்த எடை, நொடியில் வரும் பன்னிரண்டு கூப்பிய கைகளில் இல்லை.

ஆகவே, பள்ளியிலோ ஊரிலோ எழுத்துச் சவால் ஒன்றை நடத்த எண்ணும் ஆசிரியர்கள் மறுமொழியை முதலில் திட்டமிட வேண்டும்; தலைப்புகளைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். குழுவில் பன்னிருவருக்கு மேல் வேண்டா. பதினான்கு நாள் போதும். ஒவ்வொருவரும் நாள்தோறும் நூறு சொற்கள் எழுதுவதோடு, குழுவில் இருவர் எழுதியதைப் படித்து ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கியம் எழுத வேண்டும். முதல் வாக்கியம், எந்த இடம் மனத்தில் நின்றது என்று அந்த இடத்தையே சுட்டிச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஒரு கேள்வி: அந்தப் பாட்டி ஏன் கதவைத் திறக்கவில்லை? அருமை, சிறப்பு, வாழ்த்துகள் ஆகிய சொற்களுக்குப் பதினான்கு நாளும் தடை. இத்தடை முதலில் நகைப்பை வரவழைக்கும். மூன்றாம் நாளிலிருந்து அனைவரும் உண்மையாகவே படிக்கத் தொடங்குவர், வேறு வழி இராது. கேள்விக்கு விடை கூறும் முனைப்பிலேயே மறுநாள் நூறு சொற்கள் பிறப்பதும் உண்டு.

நாள் தவறினால் என்ன செய்வது என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். தொடர்ச்சியை எண்ணிக் காட்டும் செயலிகளின் தீமை, எட்டாம் நாள் தவறியவர் ஏழு நாள் உழைப்பும் வீணாயிற்று என எண்ணி விலகிவிடுவது. பழைய நம்பிக்கையின்மை நுழையும் வாயில் அதுவே. பதினான்கில் நான்கு நாள் விடுபடலாம் என்று விதியிலேயே எழுதிவைத்தால் அவ்வாயில் அடைபடும்.

இனி ஒன்றைச் சொல்ல வேண்டும். மொழிக் கழகத்தின் மேடையில் நின்று இதைச் சொல்லச் சற்றுத் துணிவும் வேண்டும். அந்தப் பதினான்கு நாளும் ஒற்றுப்பிழை திருத்த வேண்டா. ஒற்று மிகுமா மிகாதா என்பது நமக்கு முக்கியமே. எனினும், நீண்ட நாள் கழித்து எழுத வந்தவர் தம் தாயின் இறுதி நாளை எழுதியிருக்க, அதன்கீழ் 'இவ்விடத்தில் வல்லினம் மிகும்' என்று மட்டும் ஒருவர் குறிப்பிட்டால், அவர் அடுத்தநாள் எழுதமாட்டார். சிவப்பு மையால் எழுத்தை விட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், நம்மில் ஆசிரியராக இருப்போர் சிறிது தலைகுனியவே நேரும். திருத்தத்துக்கு உரிய நாள் பதினைந்தாம் நாள். தாம் எழுதிய பதினான்கில் ஒன்றை அவரவரே தேர்ந்து, அதை மட்டும் செப்பம் செய்யட்டும். அப்போது இலக்கணம் அவர்களுக்குத் தண்டனையாக இராது; தம் பொருளைக் காத்துக்கொள்ளும் கருவியாகவே தோன்றும்.

மாணவர்க்கு ஒரு சொல். இப்போது தலைப்பைக் கொடுத்தால் நூறு சொற்களை நொடியில் எழுதித்தரும் கணினிச் செயலிகள் வந்துவிட்டன. தேர்வில் அதைத் தடுப்பது ஆசிரியர் கவலை. சவாலில் அதைப் பயன்படுத்துவோர், பண்டூரா காட்டிய முதல் ஊற்றைத் தாமே அடைத்துக்கொள்கிறார்கள். செய்து முடித்த அனுபவம் செயலிக்குப் போய்விடுகிறது; பார்த்துக்கொண்டிருந்த அனுபவமே மாணவருக்கு மிஞ்சுகிறது.

தலைப்புகள் ஊரிலிருந்தே வரட்டும். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை தண்ணீர்மலைச் சாலை எப்படி இருக்கும்? கடைசிப் படகைத் தவறவிட்டவர் அன்றிரவு எங்கே போனார்? குவீன் தெரு மாரியம்மன் கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர் யார்? தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றது. அதன் கடைசி இதழை வாங்க அன்று காலை கடைக்குப் போனவர் என்ன நினைத்தார்? இத்தகைய கேள்விக்குத் தமிழகத்துக் கதையை நகலெடுத்து விடை எழுத முடியாது.

ஞாயிறு பதிப்புகள் மெலிந்துவரும் காலத்தில், பதினைந்தாம் நாள் செப்பம் செய்த பன்னிரண்டு எழுத்துகளையும் அச்சில் கொண்டுவருவது ஆசிரியரின் இறுதி வேலை. பள்ளியின் நகலெடுப்புக் கருவியில் இருபது பக்கம் எடுத்துத் தைத்தாலே போதும். ஒவ்வோர் எழுத்தின் அடியிலும், அதற்குக் குழுவினர் எழுதிய வாக்கியங்களையும் பெயருடன் அச்சிட வேண்டும். ஒரு படி பள்ளி நூலகத்துக்கு. ஒரு படி எழுதியவருக்கு. ஒரு படி, நெடுநாளாக எழுதாமல் வீட்டில் இருக்கும் பழைய ஆசிரியர் ஒருவருக்கு, அடுத்த சவால் தொடங்கும் தேதியை முன்னட்டையில் எழுதி.